கில் -9 தட்டிய இரவு

கடந்த ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, ஆறு நாளைக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினி வேலையை, கில் -9 என்ற கட்டளையைக் கொடுத்து, என் கையாலேயே கொன்றேன். அது உறைந்துபோய் நிற்கிறது என்று நம்பித்தான் செய்தேன். அது நிற்கவே இல்லை, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. கெடு தாண்டி பதினொரு நாள் கழித்து வேலையை ஒப்படைத்தேன். கூலியில் 6,000 ரூபாய் பிடித்தம், சர்வருக்கு இன்னொரு மாத வாடகை 3,200, ஆக மொத்தம் 9,200 ரூபாய் போனது. வீட்டில் தனியாக உட்கார்ந்து வாடகை சர்வரில் நீண்ட வேலைகளை ஓட்டுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த இரவில் பக்கத்தில் ஒருவர் இருந்து "கொஞ்சம் பொறு" என்று சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேலை இதுதான். ஒரு தனியார் நூலகத்தில் பழைய மாத இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள், மொத்தம் 22,400 பக்கம். அந்தப் படங்களைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றித் தர வேண்டும். டெஸராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகவே படிக்கும். ஆனால் பழுப்பேறிய, இரண்டு பத்தி போட்ட பழைய தாளை முதலில் நிமிர்த்தி, கறை நீக்கி, அப்புறம்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். என்னுடைய சின்ன சர்வரில் ஒரு பக்கத்துக்கு முப்பது விநாடி ஆனது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட எட்டு நாள் இரவும் பகலும் ஓட வேண்டும். பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல், அதாவது ஸ்கிரிப்ட், ஒவ்வொரு பக்கமாக டெஸராக்டுக்குக் கொடுத்து, வரும் எழுத்தையும் ஒவ்வொரு சொல்லும் தாளில் எங்கே இருக்கிறது என்பதையும் எஸ்க்யூலைட் என்ற, ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸில் சேர்க்கும். ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்தது முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி. நூறு பக்கத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கமிட் (டேட்டாபேஸில் நிலையாகப் பதிவு) ஆகும்படி எழுதியிருந்தான். அதாவது ஐம்பது நிமிடத்துக்கு ஒரு கமிட். இந்த ஐம்பது நிமிடத்தை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

முதல் அடி முதல் இரவே விழுந்தது. தொலைவில் இருக்கும் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற இணைப்பு வழியாகப் போய், ஸ்கிரிப்டை ஓடவிட்டு, திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வருவதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, மடிக்கணினியை மூடிவைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் 300 பக்கத்தோடு நின்றிருந்தது. கட்டளை தட்டும் திரையான டெர்மினலின் இணைப்பு அறுந்தால், அந்த டெர்மினலில் ஓடும் வேலைகளுக்கு சிக்ஹப் என்ற சிக்னல் போகிறது. ஹேங் அப், அதாவது தொலைபேசியை வைத்துவிட்டார்கள் என்று பொருள். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு பேசிய காலத்துப் பெயர். அதற்கு ஒரு நிரல் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை என்றால் அது அங்கேயே முடிந்துவிடும். தேடிப் படித்து, நோஹப் என்பதை முன்னால் சேர்த்து, வெள்ளிக்கிழமை மதியம் 301-ஆம் பக்கத்திலிருந்து திரும்ப ஓடவிட்டேன். நோஹப் செய்வது அந்த ஒரு சிக்னலைக் காதில் வாங்காதே என்று சொல்வதுதான். நீண்ட வேலைக்கு டீமக்ஸ் போன்ற ஒன்றுக்குள் ஓட்டுவது இன்னும் நல்லது. இணைப்பு போனாலும் திரும்ப வந்து அதே திரையில் உட்காரலாம். இதை அன்றைக்கே செய்திருந்தால் பின்னால் நடந்த பாதிக் குழப்பம் வந்திருக்காது, ஏனென்றால் வேலை என் கண் முன்னாலேயே இருந்திருக்கும்.

அதற்கப்புறம் ஆறு நாள் நிம்மதி. காலையில் ஒருமுறை, இரவு படுக்கப்போகும் முன் ஒருமுறை ஸ்கிரிப்ட் தன் முன்னேற்றத்தை எழுதிவைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் எண் நன்றாக ஏறியிருக்கும். வியாழக்கிழமை மட்டும் வழக்கத்துக்கு மாறாக மாலை ஐந்து மணிக்கே உட்கார்ந்தேன். திங்கள்கிழமை கெடு, கடைசி வரை கூடவே இருக்கலாம் என்று நினைத்தேன். ஃபைலின் கடைசி வரிகளை வர வரக் காட்டும் டெயில் -எஃப் போட்டு லாக்கின் கடைசி வரியைப் பார்த்தேன். "பக்கம் 18055 முடிந்தது." ஐந்து பக்கத்துக்கு ஒரு வரி, அதாவது இரண்டரை நிமிடத்துக்கு ஒரு வரி வர வேண்டும். ஐந்தரைக்கும் அதே வரி. ஆறு மணிக்கும் அதே வரி. சமையல் வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்கு வந்து பார்த்தேன், 18055. ஃபைலின் நேரத்தைப் பார்த்தால் மாலை 4.40-க்குப் பிறகு அதில் ஓர் எழுத்துகூட ஏறவில்லை. ஏதோ கிழிந்த தாள் வந்து டெஸராக்ட் அதிலேயே சிக்கிக்கொண்டது என்று முடிவு கட்டினேன். தம்பிக்கு மூன்று முறை போன் அடித்தேன். அன்று இரவு ரயிலில் போய்க்கொண்டிருந்தான், தொடர்பு கிடைக்கவில்லை. ஒன்பதரைக்கு மேல் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கெடு திங்கள்கிழமை, ஒவ்வொரு மணி நேரமும் 120 பக்கம் வீணாகிறது என்ற ஒரே கணக்குதான் தலைக்குள் ஓடியது.

முதலில் கன்ட்ரோல் சி அழுத்தினேன். திரை மறுபடி கட்டளைக்குக் காத்து நின்றது. நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன், ஆனால் நின்றது லாக்கைக் காட்டிக்கொண்டிருந்த டெயில்தான். கன்ட்ரோல் சி அழுத்தினால் போகும் சிக்இன்ட் என்ற சிக்னல் அந்த டெர்மினலில் முன்னால் ஓடுகிற வேலைக்கு மட்டும்தான் போகும். பின்னணியில், வேறு இணைப்பில் தொடங்கிய வேலைக்கு அது எட்டாது. ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டுப் பார்த்தேன், ஸ்கிரிப்ட் அங்கேயே இருந்தது. பட்டியலில் அதற்கு இருந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு 10.28-க்கு கில் என்று எண்ணை மட்டும் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நிமிடம் பார்த்தேன், இன்னொரு நிமிடம் பார்த்தேன். பிஎஸ் பட்டியலில் அதே எண் அதே இடத்தில். சாதாரண கில்லுக்கே அசையவில்லை என்றால் உறைந்துபோனது உறுதி என்று நினைத்தேன். எங்கே படித்தாலும் சொல்வார்களே, அசையாததற்குக் கில் -9 என்று. தட்டினேன். பட்டியலிலிருந்து பெயர் மறைந்தது. அந்த ஒரு நொடி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆறுதல் ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. எந்த வேலை எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாப் போட்டுப் பார்த்தால் டெஸராக்ட் மட்டும் இன்னும் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் ஒவ்வொரு நிரலும் ஒரு ப்ராசஸ். இன்னொன்றைத் தொடங்கிவிட்ட தாய் ப்ராசஸை -9 கொடுத்துக் கொன்றால் பிள்ளை தானாகச் சாகாது. அநாதையாகி, முதல் எண் கொண்ட ப்ராசஸின் பொறுப்புக்குப் போய், தன் பாட்டுக்கு ஓடும். இது எனக்கு அப்போது தெரியாது. அரை நிமிடம் விட்டிருந்தால் கையில் இருந்த பக்கத்தை முடித்துவிட்டுத் தானே போயிருக்கும். நான் பதற்றத்தில் கட்டளை வரியில் இருக்கும் எழுத்தைத் தேடிக் கொல்லும் பிகில் -9 -எஃப் என்று போட்டு, தமிழைக் குறிக்கும் டி, ஏ, எம் என்ற மூன்றெழுத்தைக் கொடுத்தேன். டெஸராக்டுக்குத் தமிழ் மொழியைச் சொல்வது அந்த மூன்றெழுத்தால்தான், கட்டளை வரியில் அது இருக்கும், சரியாக அதைப் பிடித்துவிடும் என்று நினைத்தேன். பிடித்தது. கூடவே இன்னொன்றையும் பிடித்தது. அதே சர்வரில், ஏற்கெனவே முடித்த படங்களை 11 ஜிபி ஜிப் ஃபைலாக நூலகத்தின் சேமிப்பிடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த வேறொரு ஸ்கிரிப்ட் ஓடியது. அதன் பெயரில் டைம்ஸ்டாம்ப் என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அதே மூன்று எழுத்தும் அதே வரிசையில் உள்ளே உட்கார்ந்திருக்கும். பிகில் முழுச் சொல்லாகப் பார்ப்பதில்லை. கேட்ட எழுத்துகள் எங்கே தென்பட்டாலும் சரி என்று எடுத்துக்கொள்ளும். பாதி ஏறிய ஜிப் ஃபைல் முதலிலிருந்து திரும்ப ஏற வேண்டியதாயிற்று.

ஆனால் பெரிய தவறு இதற்கப்புறம்தான் நடந்தது. காலையில் தம்பியைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம், அதற்குள் இடத்தைச் சுத்தமாக வைப்போம் என்று ஃபோல்டரைத் திறந்தேன். டேட்டாபேஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரோடு ஜர்னல் என்ற வால் ஒட்டிய ஒரு சின்ன ஃபைல் இருந்தது. ஒரு எம்பி கூட இல்லை. செத்துப்போன ஓட்டத்தின் மிச்சம், அடுத்த ஓட்டத்துக்குத் தடையாக இருக்கப்போகிறது என்று அழித்துவிட்டேன். பிறகு, எத்தனை பக்கம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம் என்று டேட்டாபேஸைத் திறந்தேன். டேட்டாபேஸ் உருக்குலைந்திருக்கிறது என்று பொருள்படும் ஒரே ஒரு வரி பிழைச்செய்தி வந்தது. திரும்பத் திறந்தேன், அதே வரி. மணி பதினொன்றே கால் இருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாரையும் எழுப்பிச் சொல்லவும் முடியாது, சொன்னாலும் புரியாது. அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அன்றிரவு தூங்கவில்லை.

காலை ஏழு மணிக்குத் தம்பியே கூப்பிட்டான். நடந்ததைச் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டான். கில் கொடுத்தும் சாகவில்லை என்றதும், "அக்கா, அது சாகக் கூடாதுன்னுதான் நான் எழுதிவச்சிருந்தேன்" என்றான். நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்தால் கையில் இருக்கும் நூறு பக்கக் கட்டை முடித்து, கமிட் செய்துவிட்டு, அப்புறம் நிற்கும்படி எழுதியிருந்தானாம். ஐம்பது நிமிடம் வரை ஆகலாம். "ஜர்னல் ஃபைல் இருக்குல்ல, அதைத் தொடல இல்ல?" என்று அடுத்த கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. "சரிக்கா, இப்ப இருக்கிறதை அப்படியே ஒரு காப்பி எடுத்து வைங்க. வேற எதையும் தொடாதீங்க. நான் பத்து மணிக்குள்ள வந்துடுறேன்" என்றான்.

அன்று அவனிடமும், பிறகு நானாகப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கில் என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. அது கொல்லும் கட்டளை இல்லை, சிக்னல் அனுப்பும் கட்டளை. எண் எதுவும் கொடுக்காவிட்டால் அது அனுப்புவது 15, சிக்டெர்ம். கடைக்காரரிடம் நேரமாகிவிட்டது, கடையை அடையுங்கள் என்று சொல்வது போல. அவர் கல்லாவை எண்ணலாம், வெளியே வைத்த மூட்டைகளை உள்ளே எடுக்கலாம், அப்புறம் ஷட்டரை இறக்கலாம். நிரல் எழுதியவர் இந்த ஏற்பாடுகளைச் செய்து வைத்திருந்தால் அது நடக்கும், இல்லாவிட்டால் உடனே முடிந்துவிடும். கன்ட்ரோல் சி அனுப்புவது 2, டெர்மினல் போனால் வருவது 1. இவற்றையெல்லாம் ஒரு நிரல் பிடித்துத் தன் விருப்பப்படி நடந்துகொள்ளலாம், காதில் வாங்காமலும் இருக்கலாம். 9 அப்படி இல்லை. அது நிரலின் காதுக்குப் போவதே இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலே நேராக அந்த ப்ராசஸை எடுத்துவிடுகிறது. பிடிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. நிறுத்தி வைக்கும் சிக்ஸ்டாப் என்ற இன்னொன்றுக்கு மட்டும்தான் இதே வலிமை உண்டு. கன்ட்ரோல் இசட் அழுத்தினால் போவது அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு சிக்னல். அதைப் பலர் நிறுத்துவது என்று நினைத்து அழுத்துகிறார்கள். வேலை முடிவதில்லை, உறைந்த நிலையில் நினைவகத்தைப் பிடித்தபடி அப்படியே இருக்கும். கில் -எல் என்று போட்டால் எல்லா சிக்னல்களின் பட்டியலும் வரும். நாம் அன்றாடம் தொடுவது நாலைந்துதான்.

சரி, லாக் ஏன் நின்றது? எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். பைத்தான் திரையில் எழுதும்போது வரிக்கு வரி உடனே காட்டும். அதே எழுத்து ஒரு ஃபைலுக்குப் போகிறது என்றால், தன்னிடம் ஒரு தொட்டியில் சேர்த்து வைத்து, தொட்டி நிறைந்ததும் மொத்தமாக ஊற்றும். தொட்டியின் அளவு சுமார் 8 கேபி. என் லாக் வரி தமிழில் இருந்தது, ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். வரிக்கு ஐம்பத்துச் சொச்சம் பைட் என்று வைத்தால், தொட்டி நிறைய ஏறக்குறைய 155 வரி வேண்டும். ஐந்து பக்கத்துக்கு ஒரு வரி, பக்கத்துக்கு முப்பது விநாடி. கணக்குப் போட்டால் ஆறரை மணி நேரத்துக்கு ஒருமுறைதான் லாக் ஃபைலில் ஏதாவது ஏறும். நான் காலையும் இரவும் மட்டும் பார்த்ததால் எண் எப்போதும் ஏறியே இருந்தது. முதல் நாள் திரையில் ஓட்டியபோது வரிக்கு வரி வந்ததால் சந்தேகமும் வரவில்லை. 4.40-க்கு ஊற்றிய தொட்டி அடுத்து 11 மணி தாண்டி ஊற்றியிருக்கும். நான் 10.30-க்குக் கொன்றேன். தொட்டியில் இருந்த வரிகளும் அதோடு போயின, அதனால் செத்த பிறகும் லாக் 18055 என்றே சொன்னது. தற்காலிக ஃபோல்டரில் டெஸராக்ட் விட்டுப்போன கடைசித் துண்டில்தான் உண்மை இருந்தது. பக்கம் 18,755, நேரம் 10.30. கையில் இருந்த கட்டு முடிய 45 பக்கம் பாக்கி. நான் கொடுத்த சாதாரண கில்லை ஏற்று, இருபத்திச் சொச்சம் நிமிடத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுத் தானாக நின்றிருக்கும். தீர்வு ஓர் எழுத்து: பைத்தானை -யூ என்ற தேர்வோடு ஓட்டினால் தொட்டி கிடையாது, வரி உடனே ஃபைலுக்குப் போகும்.

ஆகவே ஒரு வேலை உறைந்துவிட்டதா என்று லாக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டாப்பில் அதுவோ அதன் பிள்ளைகளோ சிபியூவைத் தின்கிறதா என்று பாருங்கள். என் டெஸராக்ட் அன்று மாலை முழுக்கத் தின்றுகொண்டுதான் இருந்தது, நான் பார்க்கவில்லை. அது எழுதும் ஃபைல்களின் நேரம் நகர்கிறதா என்று பாருங்கள். எந்தெந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று ப்ராக் ஃபோல்டருக்குள் அதன் எண்ணில் இருக்கும் எஃப்டி என்ற இடத்தில் தெரியும். எஸ்ட்ரேஸ் -பி போட்டு எண்ணைக் கொடுத்தால் அந்த நொடியில் அது கெர்னலிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதே ஓடும். பிஎஸ் காட்டும் நிலை எழுத்தையும் கவனியுங்கள். ஆர் என்றால் ஓடுகிறது, எஸ் என்றால் எதற்கோ காத்திருக்கிறது, டி என்றால் நிறுத்தி வைக்கப்பட்டதாகவும் இருக்கலாம், வட்டுக்காகக் காத்திருப்பதாகவும் இருக்கலாம். தமிழில் இரண்டும் ஒரே ஒலி, ஆங்கிலத்தில் எழுத்து வேறு: முதலாவது T, இரண்டாவது D. வட்டுக்கோ நெட்வொர்க் சேமிப்பிடத்துக்கோ காத்திருக்கும் அந்த நிலையில் பெரும்பாலும் -9 கூட உடனே வேலை செய்யாது. அந்தக் காத்திருப்பு முடிந்தால்தான் சாகும். இசட் என்றால் அது ஏற்கெனவே செத்தாயிற்று, தாய் ப்ராசஸ் இன்னும் கணக்கு முடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு எத்தனை சிக்னல் அனுப்பினாலும் பயனில்லை. பார்க்க வேண்டியது தாயை.

பிகில்லைப் பற்றி எனக்கு இப்போது ஒரே பழக்கம். அதே எழுத்துகளை முதலில் பிஜிரெப் -ஏ -எஃப் என்பதற்குக் கொடுத்து, யார் யார் சிக்குகிறார்கள் என்று முழு வரியாகப் படித்துப் பார்க்கிறேன். அன்று அதைச் செய்திருந்தால் டைம்ஸ்டாம்ப் கண்ணில் பட்டிருக்கும். முடிந்தால் பெயரையே கொடுப்பதில்லை, எண்ணைத்தான் கொடுக்கிறேன். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக இருக்கும்போது கூடுதல் பயம் வேண்டும். கில் -9 என்பதற்குப் பிறகு ப்ராசஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் -1 என்று விழுந்துவிட்டால், நீங்கள் தொடக்கூடிய எல்லா ப்ராசஸுக்கும் அந்தச் சிக்னல் போகும். ரூட் என்றால் கிட்டத்தட்ட மொத்த சர்வரும்.

இனி அந்த ஜர்னல் ஃபைல். எஸ்க்யூலைட் ஒரு மாற்றத்தைத் தொடங்கும்போது, தான் மாற்றப்போகும் பகுதிகளின் பழைய வடிவத்தை முதலில் அந்த ஜர்னலில் எழுதி வைக்கிறது. கமிட் ஆனதும் தானே அதை நீக்கிவிடுகிறது. நடுவில் செத்துப்போனால், அடுத்த முறை யார் டேட்டாபேஸைத் திறந்தாலும் முதலில் ஜர்னலைப் பார்த்து, பாதியில் நின்ற மாற்றத்தையெல்லாம் பழையபடி திருப்பி வைத்துவிடும். என் கட்டு நூறு பக்கம் என்பதால் அதன் நினைவகத்தில் இடம் போதாமல், கமிட்டுக்கு முன்பே பாதி மாற்றங்கள் டேட்டாபேஸுக்குள் இறங்கியிருந்தன. அவற்றைத் திருப்பும் ஒரே வழி அந்தச் சின்ன ஃபைலில் இருந்தது. முதல் இரவு டெர்மினல் அறுந்து செத்தபோதும் இப்படி ஒரு ஜர்னல் கிடந்திருக்கும். நான் பார்க்காமல் திரும்ப ஓடவிட்டேன், அது தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. இரண்டாவது முறை சுத்தம் செய்கிறேன் என்று மருந்தையே தூக்கிப் போட்டுவிட்டேன். கில் -9 மட்டும் நடந்திருந்தால் எனக்கு 55 பக்கம், அரை மணி நேர வேலைதான் போயிருக்கும். கெர்னலிடம் எழுதிக் கொடுத்துவிட்டது ப்ராசஸ் செத்தாலும் போகாது, மின்சாரம் போவதும் இதுவும் ஒன்றில்லை. ஆகவே எதையாவது -9 கொடுத்துக் கொல்ல வேண்டி வந்தால், அது விட்டுப்போனதில் கைவைக்காதீர்கள். ஜர்னல், டபிள்யூஏஎல், பூட்டு என்று பொருள்படும் லாக், பிஐடி என்று பெயரில் என்ன வாலோடு ஃபைல் கிடந்தாலும் சரி. முதலில் முழு ஃபோல்டரையும் நகலெடுங்கள், பிறகு அதே மென்பொருளைத் திறந்து அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். பெரிய டேட்டாபேஸ்களுக்கு இது இன்னும் பொருந்தும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரே ஓர் இணைப்பின் ப்ராசஸை -9 கொடுத்துக் கொன்றால், பொதுவில் வைத்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி அது எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்பு வேலையில் இறங்கும். ஒரு வினவலை நிறுத்த வேண்டுமானால் அதற்கென்றே உள்ளே கட்டளைகள் இருக்கின்றன.

தம்பி வந்து எஸ்க்யூலைட்டின் ரெகவர் என்ற வசதியை ஓட்டினான். உருக்குலைந்த ஃபைலிலிருந்து கிடைப்பதையெல்லாம் பொறுக்கிப் புது டேட்டாபேஸாக்கித் தரும். நிறைய எழுத்து வந்தது. ஆனால் எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று தெரியாத வரிகளை அது தனியாக ஒரு இடத்தில் குவித்து வைக்கும், அந்தக் குவியல் எங்களுடையதில் பெரிதாக இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டோம். ஒரு இதழின் தலையங்கத்தில் இன்னொரு இதழின் சமையல் குறிப்பு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நானே போதும் என்று சொல்லிவிட்டேன். இந்த எழுத்தை நம்பி ஒருவர் மேற்கோள் காட்டினால் அது என்னால் வந்த தவறாக இருக்கும். படங்கள் பத்திரமாக இருந்தன. திங்கள்கிழமை, கெடு நாளன்று, நூலகத்துக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். தாமதத்துக்குப் பத்து சதவீதம் குறைத்துக்கொள்வோம் என்றார்கள். ஒப்பந்தத்தில் இருந்ததுதான், தப்பு சொல்ல முடியாது.

இந்த முறை ஸ்கிரிப்டை நான் வரி வரியாகப் படித்தேன். கட்டை நூறிலிருந்து பத்துப் பக்கமாகக் குறைத்தேன். நிறுத்தச் சொன்னால் அதிகபட்சம் ஐந்து நிமிடம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே வேலையை நாளைக்கு லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியிலோ, நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரிலோ ஓட்டினால், ஸ்டாப் என்று சொன்னதும் அவையும் முதலில் நாகரிகமாகத்தான் கேட்கும். ஆனால் பொறுமைக்கு அளவு உண்டு. டாக்கர் வழக்கமாகப் பத்து விநாடி பார்க்கும், சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம். அதற்குள் அடங்காவிட்டால் -9 தான். ஆகவே உங்கள் நிரல் நிற்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்து, அந்தக் காலக்கெடுவைத் தேவைக்கு ஏற்ப நீட்டி வையுங்கள். வேலை எதிர்பாராமல் செத்துக்கிடந்தால் அதன் முடிவு எண்ணையும் பாருங்கள். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் 143 என்றால் யாரோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், 137 என்றால் -9 விழுந்திருக்கிறது. 128-ஓடு சிக்னல் எண்ணைக் கூட்டிய கணக்கு. நீங்கள் அனுப்பாமலே 137 வந்தால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸெக் போட்டுப் பாருங்கள், நினைவகம் தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கலாம். டேட்டாபேஸுக்குத் தினமும் இரண்டு வேளை நகலெடுக்கவும் ஏற்பாடு செய்தேன். வெறும் ஃபைல் காப்பி இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்கான நகல் எடுக்கும் பேக்கப் கட்டளை எஸ்க்யூலைட்டிலேயே இருக்கிறது.

மறுஓட்டத்தின் நான்காவது நாள் மதியம், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். தம்பி வேண்டாமே என்றான். எனக்குப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. கில், ஒரு இடைவெளி, எண், என்டர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பட்டியலில் அதே எண். லாக்கில் புதிதாக ஒரு வரி வந்தது, முடிந்தது என்று. மூன்றாவது நிமிடம், இன்னும் அதே எண். நான்கு நிமிடம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நான் சேர்த்துவிட்டிருந்த அந்த வரி வந்தது: "நிறுத்தச் சொல்லி வந்தது. 9410 வரை எழுதியாயிற்று." பிஎஸ் போட்டுப் பார்த்தேன், ஸ்கிரிப்டும் இல்லை, டெஸராக்டும் இல்லை. ஃபோல்டரில் டேட்டாபேஸ் மட்டும் தனியாக இருந்தது, பக்கத்தில் ஜர்னல் இல்லை. 9,411-ஆம் பக்கத்திலிருந்து திரும்ப ஓடவிட்டுவிட்டு, ஆறு நாள் கழித்து அன்றுதான் மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.